மூன்றாவது ஓலை

“இன்னும் மேல வா. இங்க ஆளு நடமாட்டம் உண்டு” என்றாள் ஷைஜா.

ரப்பர் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடம் அது. அருவிக்கு இன்னும் கால் மணி நேர ஏற்றம்தான். ஷாஜன் காலில் ஏறிய அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு அவள் பின்னால் நடந்தான்.

இரண்டு வருடம் அவனைக் காதலித்தவள் அவள். போன வருடம் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்க, “இனி எனக்க மொகத்துல முழிக்காத” என்று சொல்லிவிட்டுப் போனவளும் அவள்தான். இன்று தானே போன் செய்து கூப்பிட்டிருக்கிறாள். பயந்துவிட்டாள் என்று ஷாஜனுக்கு ஒரே சந்தோஷம்.

பயப்படத்தான் வேண்டும். அவளுடைய அப்பா துபாய் மாப்பிள்ளை ஜெபினைப் பேசி முடித்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை சபையில் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. நாளை மூன்றாவது ஓலை. போதகர் அதை வாசிக்கும்போது யாராவது எழுந்து ஆட்சேபனை சொன்னால் கல்யாணம் அப்படியே நிற்கும். நான் எழுந்திருப்பேன் என்று ஷாஜன் ஒரு வாரமாக அவளுக்கு மெசேஜ் அனுப்பி மிரட்டிக்கொண்டிருந்தான்.

“எனக்க காலப் பிடிக்கத்தான கூப்பிட்ட?” என்றான் மூச்சு வாங்க.

“அட்ட கடிச்ச காலயா?” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

ஆற்றைக் கடக்கும் இடத்தில் பாறையெல்லாம் வழுக்கியது. ஷாஜன் நடுப்பாறையில் நின்று போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே ஆட்டினான்.

“ஏட்டி, என்னக் களியாக்கிச் சிரிக்குதியா? கெட்டுனா ஒன்னத்தான் கெட்டுவேன்னு நீ அழுது பேசுனது இதுல கெடக்கு. நாளைக்கு சபைல போட்டுக் காட்டுவேன். மாப்பிள வீட்டுக்காரங்க அப்பவே கை கழுவிருவாங்க.”

ஆட்டிய வேகத்தில் போன் ஈரக்கையிலிருந்து நழுவியது. தண்ணீரில் விழுமுன் ஷைஜா பாய்ந்து பிடித்தாள். ஷாலில் நன்றாகத் துடைத்து அவன் கையிலேயே திணித்தாள்.

“இதக்கூட ஒழுங்காப் பிடிக்கத் தெரியல்ல. நீ சபைல எந்திச்சுப் பேசப் போறியாக்கும்!”

ஷாஜனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனாலும் அருவியடிக்கு வந்து சேர்ந்தபோது குரல் கொஞ்சம் இறங்கியது. அங்கே இவர்களைத் தவிர ஒரு ஈ காக்கா இல்லை.

“ஒரு வார்த்த மன்னிப்பு கேளு. இங்கயே எல்லாத்தையும் அழிச்சிருதேன்.”

“ஒங்கிட்டயா? போடா!” அருவிச் சத்தத்துக்கு மேலே கத்தினாள் ஷைஜா. “ரெண்டு ஓலைக்கும் கடைசி பெஞ்சுல பூனை மாதிரி இருந்தவன்தான நீ? மூணாவதுக்கும் அப்படித்தான் இருப்ப. எங்கப்பாவப் பாத்தாலே ஒனக்கு முட்டு நடுங்கும். பயந்தாங்கொள்ளி!”

“செவிட்டுல அடிச்சிருவேன் பாத்துக்க!” கையை ஓங்கினான்.

அவள் ஓரடிகூட நகரவில்லை. “அடி. அதுவாவது ஒனக்கு முடியுமான்னு பாக்கேன்.”

ஓங்கிய கை தானாக இறங்கியது. அவமானத்தில் அவன் கண் சிவந்துவிட்டது.

“எனக்க அம்ம மேல சத்தியம்ட்டி. நாளைக்கு நான் எந்திச்சு நிக்கல்லன்னா எனக்க பேரு ஷாஜன் இல்ல. இனி நீ கால்ல விழுந்தாலும் விடமாட்டேன். நாசமாப் போ!”

பக்கத்தில் கிடந்த கல்லை ஓங்கி உதைத்துவிட்டு இறங்கினான். கோபத்தில் உதைத்தால் கல்லுக்கா வலிக்கும்? நொண்டிக்கொண்டே போனான்.

அவன் தலை மரங்களுக்குள் மறையும்வரை ஷைஜா விறைப்பாகவே நின்றாள். பிறகுதான் பாறையில் உட்கார்ந்தாள்.

நல்லவேளையாக ஒரு புள்ளி டவர் கிடைத்தது. மாப்பிள்ளை ஜெபினுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

“தப்பிச்சோம் அண்ணே, நாளைக்கு அவன் எந்திச்சிருவான்!”