பாறைமேல் ஒரு கிளிப்

ஜன்னல் வெயில் விழும் கணினித் திரையைப் பார்த்து, பாறை ஆய்வாளனான கணவன் மலையில் எடுத்த படங்களுக்கு அவள் குறிப்பு எழுதுகிறாள். நிலம் நெருக்கிய நெருக்கில் பாறை அடுக்குகள் காலால் தள்ளிய போர்வைபோல் வளைந்து, தாங்க முடியாத ஓரிடத்தில் உடைந்து சரிந்திருக்கின்றன. அளவு தெரிவதற்காக மற்ற எல்லாப் படத்திலும் பாறைமேல் அவனுடைய சுத்தியல் கிடக்கிறது. இந்தப் படத்தில் மட்டும், உடைந்த கோட்டின்மேல், ஒரு சிவப்பு முடிக் கிளிப். "இது யாரோடதுங்க?" அவன் ஷூவில் ஒட்டிய மண்ணைத் தட்டுகிறான். "கூட வந்த பொண்ணோடது. சுத்தியல் ஜீப்லயே இருந்துடுச்சு. அளவுக்கு ஏதாவது வைக்கணும்ல?" அவள் விரல்கள் விசைப்பலகைமேல் நிற்கின்றன. "சரி, எவ்வளவு நீளம்னு எழுத?" அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எட்டரை சென்டிமீட்டர்." கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். அவள் காலுக்குச் சரியாக இருக்கிற ஒரு செருப்பை அவன் இன்னும் வாங்கி வந்ததில்லை.