நாற்பத்தோராம் பக்கம்

மேடையிலிருந்து இறங்கி டீயைக் கையில் எடுத்தபோதும் அவளுக்குக் கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்தது.

செயற்கை நுண்ணறிவுக்கென்று மத்திய அரசு கொண்டுவரும் சட்டம். அதன் வரைவை அவளுடைய ஆய்வு மையம் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தது. நூற்றிருபது பக்க அறிக்கை. எழுதியவள் அவள். இன்று அதன் வெளியீட்டு விழா.

எல்லோரும் தட்டியது ஒரே வரிக்கு: 'மனிதர் கொடுக்கும் மனுவை மனிதர்தான் படிக்க வேண்டும். இந்த வரைவில் அதற்கு உத்தரவாதம் இல்லை.'

"என் கடுதாசி இதுல எந்தப் பக்கத்துலம்மா இருக்கு?"

அறிக்கையை நீட்டிக்கொண்டு நின்றவர் ராசாம்பாள். மன்னார்குடிப் பக்கம். நாற்காலிகள் காலியாகக் கிடக்கக் கூடாதென்று, கம்ப்யூட்டர் முடிவுகளால் பாதிக்கப்பட்டதாக மையத்துக்குக் கடிதம் எழுதிய அத்தனை பேருக்கும் அழைப்பு போயிருந்தது.

கம்ப்யூட்டர் அவரை இறந்தவர் பட்டியலில் சேர்த்துவிட்டதாம். விதவைப் பென்ஷன் நின்று பதினொரு மாதமாம்.

அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

வந்தவை அறுநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். கெடு மூன்று நாள். அத்தனையையும் ஸ்கேன் செய்து செயற்கை நுண்ணறிவு மெஷினிடம் கொடுத்தாள். அது ஒன்றரைப் பக்கத்தில் சாரம் பிழிந்து தந்தது. நன்றாகத்தான் இருந்தது. அப்படியே சேர்த்துவிட்டாள்.

ஒரு கடிதத்தைக்கூட அவள் படிக்கவில்லை.

முகம் சுட்டது. இப்போதாவது சொல்லிவிடலாம். பக்கத்தில் இயக்குநர் யாருக்கோ பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்.

புரட்டினாள். நாற்பத்தோராம் பக்கம். வெளிநாட்டு நிறுவனங்களின் உரிமம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பத்தி.

விரல் வைத்தாள்.

"இதாங்கம்மா."

ராசாம்பாள் அந்தப் பத்தியைத் தடவிப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"நாலு பக்கம் எழுதுனேன். இவ்ளோண்டா சுருக்கிட்டீங்க. பரவால்ல, படிச்சீங்கள்ல, அது போதும்."

தலையை மட்டும் ஆட்டினாள்.

ராசாம்பாள் பைக்குள் துழாவிப் பேனாவை எடுத்தார். பத்தியைச் சுற்றிக் கோடு போடச் சொன்னார். பக்கத்திலேயே ஒரு கையெழுத்தும் வேண்டுமாம்.

"திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு நாளு. இனிமே நான் வாயத் தொறக்கவே வேணாம். இதக் காட்டுனா அவங்களே படிச்சிக்குவாங்க."

அவள் கோடு போட்டாள்.

பேனாவைத் திருப்பித் தரப் பார்த்தாள். ராசாம்பாள் வாங்கிக்கொள்ளவில்லை. கையெழுத்துக்காகக் காத்திருந்தார்.