வேலி இல்லாத ஒரு மணி நேரம்

சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் குணவதி சோற்றுப் பானையைப் புல்வெளிக்குத் தூக்கி வந்தாள்.

காலையில் வேலி நின்ற இடம் இப்போது வெட்டவெளி. அவளுடைய ஹில்ஸ்பரோ வீட்டின் பின்வளவும் பக்கத்து வீட்டு மிசிஸ் ஹார்ப்பரின் வளவும் ஒன்றாகிக் கிடந்தன. நடுவில் வரிசையாகப் பத்துக் குழிகள்.

முதலில் சாப்பாடு, புது வேலிக்குக் கயிறு பிடிப்பது பிறகுதான் என்று அவள் முன்பே கட்டளை போட்டிருந்தாள்.

இந்தக் கூட்டு வேலையெல்லாம் அவள் கணவர் இராசரத்தினம் எங்கோ வாசித்ததில் தொடங்கியது. அமெரிக்காவில் அமிஷ் என்று ஒரு சனமாம். ஒருவருக்குக் களஞ்சியம் வேண்டுமென்றால் ஊரே திரண்டு ஒரே நாளில் நிமிர்த்திவிடுமாம். கூலி கிடையாது, வீட்டுக்காரர் சாப்பாடு போட்டால் போதுமாம். நாங்கள் மட்டும் என்ன குறைந்தவர்களா என்று, நியூசிலாந்தின் ஒக்லாந்தில் அவர்களுக்குத் தெரிந்த பதினொரு தமிழ்க் குடும்பங்களும் எண்பத்தாறிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை முறை வைத்துக் கூடின.

விதி ஒன்றுதான். கோபதாபம் இருந்தாலும் வேலைக்கு வந்தே ஆகவேண்டும்.

ஆகவே சோதிலிங்கமும் வந்திருந்தார். குணவதியின் ஒரே அண்ணன்.

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு குணவதி விசாவுக்கு முதலில் எழுதிக் கொடுத்தது கணவரின் தம்பிக்கு. அண்ணன் பிள்ளைகளோடு கொழும்பில் முகாமில் ஏழு மாதம் கிடந்தார். வேறு யாரோ ஒருவரின் தயவில் வந்து இறங்கியவர், விமான நிலையத்திலேயே சொல்லிவிட்டார், இனி உன் வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்று. சோறு தண்ணீர் எதுவும் கிடையாது.

பிழை தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும். அழுது மன்னிப்புக் கேட்டும் பார்த்தாள். அதை விடு என்பார். சாப்பிடமட்டும் மாட்டார்.

போன வருடம் அவள் வீட்டுக் கூரை வேலைக்கு வந்தபோது, பாணும் சம்பலும் பிஸ்கட் டின்னில் கொண்டுவந்து, தெருவில் நிறுத்திய காருக்குள் இருந்து சாப்பிட்டார். அதை ஜன்னலால் பார்த்த அன்று அவளுக்கு நெஞ்சு வெடித்துவிட்டது.

இந்த முறை விடுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள்.

வேலிக் கட்டைகள் மண்ணுக்குள் உளுத்துப்போய்விட்டன, அடுத்த காற்றுக்கு வேலி விழுந்துவிடும் என்று அவள் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. இராசரத்தினம் வேலிப் பக்கம் போகிற ஆளே இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு சாண் வேலிக்காக வழக்குப் போட்டுக் கோடு கச்சேரி ஏறுகிற சனம், இங்கே எல்லையைப் பிடுங்கப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது.

பலகைகளை எல்லாரும் கழற்றினார்கள். கட்டைகளைமட்டும் அண்ணன் யாரையும் தொடவிடவில்லை. அலவாங்குக் கம்பியைப் போட்டுத் தானே கிளப்பி, தானே தோளில் சுமந்துபோய்க் கராஜுக்குப் பின்னால் அடுக்கினார். அந்த ஆளின் பிடிவாதம் தெரிந்ததுதானே என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள்.

குழிகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தார்ப்பாய் விரித்தாயிற்று. மிசிஸ் ஹார்ப்பர் கதிரை போட்டு உட்கார்ந்து, சர்க்கஸ் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் அந்தப் பக்கத்துப் புல்லில் நின்றபடி பிஸ்கட் டின்னைக் கையில் எடுத்தார்.

குணவதி பானையோடு நேரே போனாள்.

"அண்ணை, நீங்கள் நிக்கிறது மிசிஸ் ஹார்ப்பற்ற வளவு. என்ர எல்லை அந்தக் குழியோட முடியுது."

இராசரத்தினம் பருப்புச் சட்டிக்குள் எதையோ தேடத் தொடங்கினார்.

அண்ணன் காலடியைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். அவள் வீட்டுக் கூரையையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு டின்னைப் புல்லில் வைத்துவிட்டு, மிசிஸ் ஹார்ப்பரின் குழாயில் கை கழுவிக்கொண்டு வந்து சம்மணம் போட்டு இருந்தார்.

இது நடக்கும் என்று குணவதிக்குத் தெரியும். ஆனால் அண்ணன் முதல் பிடி சோற்றைக் குழைத்து வாயில் வைத்தபோது கண் நிறைந்துவிட்டது. வெங்காயத்தில் பழி போடவும் வழியில்லை. சமையல் முடிந்து இரண்டு மணி நேரம்.

இரண்டாம் முறை சோறு போடக் குனிந்தாள். அவளுக்குமட்டும் கேட்கிற குரலில் அவர் சொன்னார்.

"கட்டையள் எல்லாம் வைரம் பாஞ்சு நிக்குது, குணம். ஒண்டிலகூட உளுப்பு இல்லை. காலமை முதலாவது கட்டையைக் கிளப்பேக்கையே கண்டிட்டன்."

அகப்பை அந்தரத்தில் நின்றது.

"பாத்துக்கொண்டு நிக்காமல் கத்தரிக்காயைப் போடு."