தினம் ஒரு டயப்பர்

பெரியவர்களுக்கான டயப்பர் செய்யும் மெஷினில் பத்து நாளாகத் தினமும் கணக்கில் ஒன்று குறைந்தது. சூப்பர்வைசருக்கு, அதை ஓட்டுகிற பெண் மேல்தான் சந்தேகம். வேலை முடிந்து கிளம்பியவளை வாசலில் மறித்தார்.

"பையைக் கொட்டும்மா."

சாப்பாட்டு டப்பாவும் குடையும் விழுந்தன.

"யாருக்குக் கொண்டுபோற? மாமனாருக்கா?"

"அவர் போய்ச் சேர்ந்து மூணு வருஷமாச்சு சார்."

"வாயாடாதே. இன்னிக்கு மாட்டினா நாளையிலேருந்து வேலை கிடையாது."

செக்யூரிட்டி அக்கா அவளை அறைக்குள் அழைத்துப்போய்ச் சோதித்துவிட்டு, தனியே வெளியே வந்தாள்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது சார். அவளே போட்டிருக்கா."

"நல்லா இருக்கற பொம்பளைக்கு அது எதுக்கு?"

"மெஷினை நிறுத்திட்டு பாத்ரூம் போனா, அப்படியே வீட்டுக்குப் போயிடுன்னு நீங்கதான் சொன்னீங்களாம்."