மாப்பிள்ளைக்கு நாலு இலை

"அந்தம்மா பொய் சொல்றாங்க டாக்டர்," என்றாள் ரிசப்ஷன் பெண்.

பல் டாக்டர் மீன் தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்றிருந்தார். உள்ளே ஒரு மூலையில் மாப்பிள்ளை ஒடுங்கிக் கிடந்தான்.

மாப்பிள்ளை என்பது அந்த ஃபைட்டர் மீனுக்கு, பல் காட்ட வரும் பிள்ளைகள் வைத்த பெயர். நீல வாலை விரித்துக்கொண்டு அப்படியொரு மிடுக்கு. நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று கதறுகிற வாண்டுகூட, "மாப்பிள்ளை வாயைத் திறக்கிறான் பாரு, நீயும் திற" என்றால் மயங்கிவிடும். ரெண்டு வருஷமாக டாக்டரின் பாதி வேலையை அவன்தான் பார்த்துவந்தான். இப்போது வால் ஓரமெல்லாம் அரித்துப்போய், நாலு நாளாகச் சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்கு டாக்டர் நம்பிய வைத்தியம் காய்ந்த வாதாம் இலை. தண்ணீரில் போட்டால் மெல்ல மெல்லச் சாயம் இறங்கும். தொட்டி வெளிர் டீ நிறத்துக்கு வந்தால் மாப்பிள்ளையும் கொஞ்சம் தெளிவான்.

இலைக்கா பஞ்சம்? கட்டிட வாசலிலேயே ரெண்டு வாதாம் மரம். காலை வைக்க இடமில்லாமல் இலை கொட்டிக் கிடக்கும். ஆனால் அதைப் பெருக்குகிற அம்மா வாரத்துக்கு நாலே நாலு இலைதான் கொண்டுவந்து நீட்டுவார்.

"இவ்வளவுதான் தேறுச்சு டாக்டர்."

"கை கழுவிட்டுத்தானே பொறுக்கினீங்க?" இது டாக்டர் தவறாமல் கேட்கிற கேள்வி. மீன் விஷயத்தில் அவர் அவ்வளவு கறார்.

"கழுவிட்டேன் டாக்டர்."

இன்றைக்கும் அதே நாலு இலைதான் மேஜையில் இருந்தது.

"மூட்டை மூட்டையா வாரிக் குப்பை வண்டியில போடுறாங்க. நமக்கு மட்டும் நாலு," ரிசப்ஷன் பெண் விடுவதாக இல்லை. "மீன் கடைக்காரருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாங்களோ என்னவோ. யார் கண்டா?"

டாக்டருக்குச் சுருக்கென்றது. முதல் பேஷன்ட் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போனார்.

இலை பொறுக்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பச்சை ஆகாது, மஞ்சளும் ஆகாது. தானாக உதிர்ந்திருக்க வேண்டும், முழுசாகப் பழுப்பேறி மொறுமொறுவென்று இருக்க வேண்டும். ஓட்டை, பூஞ்சை, பறவை எச்சம் எதுவும் கூடாது. ஐந்தே நிமிஷத்தில் கை நிறைய அள்ளிவிட்டார்.

"டாக்டர், அதைக் கீழ போடுங்க."

விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தார் பெருக்குகிற அம்மா. வந்த வேகத்தில் டாக்டர் கையிலிருந்த இலை அத்தனையையும் பிடுங்கிக்கொண்டார்.

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா நீங்க? கீழ கிடக்கிற குப்பை. இதுக்கும் உங்ககிட்ட உத்தரவு வாங்கணுமா?"

அந்தம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இந்த மரத்துக்கு மருந்து அடிக்கிறாங்க டாக்டர். கம்பளிப்பூச்சிக்கு. மாசம் ரெண்டு தடவை. முந்தாநாள்கூட அடிச்சாங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஒரு இலை தொட்டியில விழுந்தாலும் மாப்பிள்ளை தாங்க மாட்டான்."

"எங்க யாருக்கும் தெரியாதே?"

"நீங்கள்லாம் வர்றதுக்கு முன்னாடியே அடிச்சிட்டுப் போயிடுவாங்க. வெளிய மூச்சு விட்டா வேலை போயிடும்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்கார். நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க."

"அப்ப நீங்க கொண்டுவர்ற இலை?"

"அது தண்ணி டேங்க் பக்கத்துல நிக்கிற மரத்தோடது. அங்க யாரும் மருந்து அடிக்கிறதில்ல. ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கிப் பொறுக்கிட்டு நடந்து வந்துடுவேன். ஒத்தை மரம்தானே, நீங்க சொன்ன மாதிரி பார்த்துப் பார்த்துப் பொறுக்கினா நாலுதான் தேறுது."

கதவருகே வந்து நின்ற ரிசப்ஷன் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் உள்ளே போனார். கையுறையை உரித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார். மனசு கேட்காமல் இன்னொரு தடவையும் கழுவினார்.

"நல்லவேளை, மாப்பிள்ளை தப்பிச்சான்," என்று அந்த நாலு இலையையும் அலசித் தண்ணீரில் விட்டார்.

நிமிர்ந்தபோது கண்ணாடிக் கதவு வழியாக வாசல் தெரிந்தது.

கதவுக்குப் பக்கத்திலேயே, பெருக்கிக் குவித்த இலையை அந்தம்மா ரெண்டு கையாலும் வாரி, நெஞ்சோடு அணைத்துச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார். வெறும் கை. அதே கையால் நெற்றி வேர்வையைத் துடைத்தார், மறுபடி வாரினார். உள்ளங்கையில் தோல் வெள்ளை வெள்ளையாக உரிந்திருந்தது. விரல் நுனியெல்லாம் வெடிப்பு. வாராவாரம் இலையோடு தன் முன்னால் நீண்ட கைதான் அது. டாக்டர் இதுவரை இலையை மட்டும்தான் பார்த்திருந்தார்.

அலமாரியைத் திறந்து, பிரிக்காத கையுறைப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி வாசலுக்கு வந்தார்.

"இதை வச்சுக்கோங்கம்மா. தீரத் தீர வந்து கேளுங்க."

அந்தம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சரி டாக்டர், இலை பொறுக்கும்போது மறக்காம மாட்டிக்கிறேன். என்னதான் கழுவினாலும், என் கை படாம இருந்தா மாப்பிள்ளைக்கு நல்லதுதானே."