முதலாளி ஒழிக!

ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின்களில் மூன்று திடுதிப்பென்று நின்றன. நாலாவது மிஷினில் இருந்த சங்கரேஸ்வரி தலையைத் தூக்கினாள். வேலைக்கு வந்த பெண்கள் மூவரும் வாசலில் நிற்கிறார்கள்!

அவர்களுக்கு முன்னால் செங்கொடியோடு நிற்பது யாரென்று பார்த்தால், அவள் புருஷன் துரைப்பாண்டி.

அவர் சங்கரன்கோவில் விசைத்தறித் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். போன வருஷம் அவள் நைட்டி தைக்கிற கம்பெனி ஆரம்பித்தபோது, "என்ன தோழர், வீட்டுக்குள்ளயே முதலாளித்துவமா?" என்று சங்கத்தில் ஒரே சிரிப்பு.

"வியட்நாம்லயே கட்சி தனியாரை வளக்குது வே! நான் வளத்தா என்ன?" என்று அவர்களை வாயடைக்க வைத்தவர், மிஷின்களையும் தோளில் சுமந்து வந்து இறக்கினார்.

அந்த மனுஷன்தான் இன்று கொடி பிடிக்கிறார். ஆடித்தபசுத் திருவிழா வியாபாரத்துக்குக் கடைக்காரர் கேட்ட சரக்கு இன்று போகாவிட்டால், அடுத்த ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"வளத்தவுகளே வெட்ட வந்திட்டீயளாக்கும்?"

"நியாயம்னு வந்தா பொண்டாட்டி என்ன, புள்ள என்ன? கோரிக்கை ஒண்ணே ஒண்ணுதான்."

அவரிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை. மூவரில் ஒருத்தியான ஷிரின் பானுமேல் பாய்ந்தாள்.

"ஏட்டி, நான் என்ன கொற வச்சேன்? வேளைக்கு டீ, நிம்மதியா சாப்பிட நேரம், ஞாயித்துக்கிழமை லீவு. வேற எந்தக் கம்பெனியில தாராவ?"

"அதத்தான்க்கா கேக்கோம்."

"அதான் தாரேனே!"

"எங்களுக்குத் தாரீய..." ஷிரின் பானு இழுத்தாள்.

அவள் கண் போன பக்கம் பார்த்தாள் சங்கரேஸ்வரி. தன் மிஷின்மேல் காலையில் போட்ட டீ ஆடை கட்டிக் கிடந்தது. பக்கத்தில், பொழுது சாயப்போகிற நேரத்திலும் திறக்காத சாப்பாட்டு டப்பா.

"சரக்கு?" என்றாள், குரல் இறங்கி.

"பொழுதடையுமுன்ன வண்டி ஏத்திருவோம். அது எங்க பாடு," என்றாள் இன்னொருத்தி, முருகம்மாள். "ஆனா கோரிக்கையை விட மாட்டோம்."

துரைப்பாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு கொடியை உயர்த்தினார்.

"சங்கரேஸ்வரியின் உழைப்பைச் சுரண்டும் முதலாளி..."

மூன்று பெண்களும் தெரு அதிரக் கத்தினார்கள்.

"சங்கரேஸ்வரி ஒழிக!"