சுரங்கத்து உப்பின் ருசி

தடிமன் பிடித்து மூக்கடைத்ததில் துஷ்யாவின் நாக்குக்கு ருசியே தெரியவில்லை. ஒஸ்லோ பாறை ஆய்வுகூடத்தில் அவளுடைய வேலை நிரந்தரமாவதற்கான பரீட்சையோ அன்றுதான். நிலத்தடிச் சுரங்கத்திலிருந்து வந்த பன்னிரண்டு கட்டிகளை உடைத்து, உடைந்த பக்கத்தை நக்கிப் பார்த்து, எது உப்பு, எது கசக்கும் பொட்டாசியக் கல் என்று எழுத வேண்டும்.

முதற்கட்டியை உடைத்தாள். இருபத்தைந்து கோடி ஆண்டுகளாக மூடிக்கிடந்த அதன் நடுவில், நாக்களவில் வழுவழுப்பான ஒரு குழி ஈரமாக இருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் நுனிநாக்கு பட்ட அடையாளம் மட்டும் இருந்தது, யாரோ நக்கிப் பார்த்து முகஞ்சுளித்து விட்டுவிட்டதுபோல.

துஷ்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழி ஆழமென்றால் உப்பு, நுனி மட்டுமென்றால் கசப்பு என்று எழுதிக் கொடுத்தாள்.

"பன்னிரண்டும் சரி! இந்தத் தடிமனோட எப்பிடிப் பிள்ளை கண்டுபிடிச்சனீர்?" என்றார் பரீட்சை வைத்த பாலேந்திரன்.

"நான் நக்கேல்லை அண்ணை. இஞ்சை பாருங்கோ."

இருவரும் கடைசிக் கட்டியின்மேல் குனிந்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, குழி இன்னும் கொஞ்சம் ஆழமானது.